இதயக் கோயிலுக்கும் நித்தியப்படி வேண்டும்

(திருக்கோயில் வளாகத்தில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள திருத்தலம் திருநின்றவூர். அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவராகிய பூசலார் நாயனார் அவதரித்த ஊர் அது. சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். அதற்குரிய பொருளைத் தேடிப் பல இடங்களுக்கும் சென்றார். ஒன்றும் கிடைக்கவில்லை. மனம் தளர்ந்த அவர், பின்னர் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டத் துணிந்தார்.

மனத்தில் கட்டுவதுதானே என்று அவர் ஒரே நாளில் கட்டி முடித்துவிடவில்லை. வேண்டிய பொருள்களைச் சிறிது சிறிதாக மனத்தில் சேர்த்தார். தச்சர்களைத் தேர்ந்தார். நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். இரவிலும் கண்துஞ்சாது வரிசை வரிசையாகக் கட்டி எழுப்பினார். சிகரம் அமைத்துச் சுதை பூசி, கிணறும் மதிலும் திருக்குளமும் அமைத்த பின்னரே குடமுழுக்குக்கு நாள் குறித்தார்.

அதே நாளில் காஞ்சியில் காடவர் கோமான் எழுப்பிய கற்றளிக்கும் குடமுழுக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. முதல் நாள் இரவு இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் கட்டிய ஆலயத்தில் நாளை எழுந்தருள இருப்பதால் அரசனின் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள்ளுமாறு பணித்தருளினார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. இராசசிம்ம பல்லவன் எழுப்பிய காஞ்சிக் கைலாசநாதர் திருக்கோயிலே அக்கற்றளி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. திருநின்றவூரில் இன்று அருள்மிகு இருதயாலீஸ்வரர் திருக்கோயில் விளங்குகிறது. இதய நோயுற்றோரும் அவர்தம் குடும்பத்தாரும் அங்கு வந்து வழிபடுவது வழக்கம்.

அவ்வாறு வழிபட வருவோர் பூசலாரின் வரலாற்றிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதயத்துள் அவர் எழுப்பிய கோயில் ஒரு நாள் ஆர்வத்தால் எழுந்ததன்று. நாள்தோறும் தவறாது செய்த பணியால் எழுந்தது. கல்லால் கட்டிய கோயிலும் அத்தகையதே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை குடமுழுக்கு நடைபெறுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை தேர் ஓடுகிறது. ஆயினும் கோயிலைக் கோயிலாக வைத்திருப்பது நித்தியப்படியே. காலையில் நடை திறந்து, திருவலகிட்டு, விளக்கேற்றி, திருமஞ்சனம் செய்து, அமுது படைக்கும் அன்றாடப் பணி நின்றுபோன கோயிலில், முன்பு எத்துணைப் பெரிய விழா நடந்திருந்தாலும், சில ஆண்டுகளில் விமானத்தில் ஆலஞ்செடி முளைத்துவிடும். மனித இதயத்துக்கும் இவ்விதி பொருந்தும்.

ஓய்வறியாத உறுப்பு

மூடிய கைப்பிடி அளவே உள்ளது இதயம். எடை ஏறத்தாழ 300 கிராம். நிமிடத்துக்குச் சுமார் 72 முறை துடிக்கும் இதயம், ஒரு நாளில் ஒரு இலட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. ஒரு நாள் கணக்கில் இது 7,000 லிட்டருக்கும் மேலாகும்.

இதயத்தின் அறைகள் நிறைய இரத்தம் இருந்தாலும், இதயத்தின் தசை அந்த இரத்தத்தை நேரே எடுத்துக்கொள்வதில்லை. இதயத்தின் மேற்புறத்தில் கிளைத்து ஓடும் சிறிய இரத்தக் குழாய்கள் வழியாகவே அத்தசைக்கு உணவும் பிராணவாயுவும் கிடைக்கின்றன. திருக்குளம் நிறைய நீர் இருக்கலாம். நந்தவனத்துக்குச் செல்லும் வாய்க்கால் தூர்ந்துபோனால் பூச்செடிகள் வாடத்தானே செய்யும்? அந்த வாய்க்கால் போன்றவையே இதயத் தமனிகள். அவற்றின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. ஒரு நாள் அப்படிவத்தில் வெடிப்பு ஏற்பட, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழி முழுவதும் அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை இரத்தமின்றி மடியத் தொடங்குகிறது. மடிந்த இதயத் தசை மீண்டும் தழைப்பதில்லை. அவ்விடத்தில் தழும்பே எஞ்சும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019ஆம் ஆண்டில் இதய, இரத்தக்குழாய் நோய்களால் உலகில் 1 கோடியே 79 இலட்சம் பேர் உயிரிழந்தனர். உயிரிழப்புக்கான காரணங்களில் முதலிடம் பெறுவது இந்நோயே.

வாய்க்காலைத் தூர்ப்பவை எவை?

மாரடைப்பு விதியின் செயல் என்று சிலரும், வயதின் விளைவு என்று சிலரும் கூறுவர். 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்தப்பெற்று 2004ஆம் ஆண்டில் வெளிவந்த 'இண்டர்ஹார்ட்' என்னும் ஆய்வு வேறொரு விடையைத் தந்தது. புகையிலை, இரத்தத்தில் கொழுப்பின் சீர்கேடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தொந்தி, மன அழுத்தம், காய்கனிகளைக் குறைவாக உண்ணுதல், உடலுழைப்பின்மை, மது ஆகிய ஒன்பது காரணிகளோடு முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பது தொடர்புடையவை என்று அவ்வாய்வு காட்டியது. இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளின் மக்களுக்கு மற்ற நாட்டவரைவிட ஏறத்தாழ ஐந்து, ஆறு ஆண்டுகள் முன்னதாகவே முதல் மாரடைப்பு வருகிறது என்பதும் அவ்வாய்வின் வழித் தெரியவந்தது.

பெற்றோரிடமிருந்து வரும் உடற்கூறும் வயதும் மாற்ற இயலாதவை. அவ்வொன்பதும் மனித முயற்சிக்கு உட்பட்டவை. அவற்றை நாள்தோறும் கவனிப்பதே இதயக் கோயிலின் நித்தியப்படியாகும். அதனை உணவு, நடை, மருந்து என மூன்று காலப் பூசையாகக் கொள்ளலாம்.

முதற்காலம்: அளவறிந்த உணவு

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு குறள்கள் உணவைப் பற்றியே பேசுகின்றன. முன் உண்டது செரித்த பின், பசியறிந்து, அளவறிந்து உண்பதே அவற்றின் சாரம். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதாகப் போற்றப்படும் அந்நூலின் அறிவுரைக்கும் இன்றைய மருத்துவத்தின் அறிவுரைக்கும் இடையே வேற்றுமை மிகக் குறைவே.

உண்ணும் தட்டில் பாதி, காய்கறியும் கீரையுமாக இருத்தல் நன்று. கால் பங்கு சோறு அல்லது பிற தானியம். எஞ்சிய கால் பங்கு பருப்பு, பயறு, சுண்டல் போன்றவை. இன்று பல இல்லங்களில் இக்கணக்கு தலைகீழாக உள்ளது. தட்டு நிறையச் சோறும், ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் இடம்பெறுகின்றன. வெள்ளை அரிசிச் சோற்றைக் குறைத்து, தீட்டாத அரிசியோ வரகு, சாமை, தினை போன்ற சிறுதானியங்களோ சேர்த்துக்கொள்ளலாம். சிறுதானியமும் அளவோடுதான் உண்ணத்தக்கது; கம்பங்கூழாயினும் மிகுந்தால் சர்க்கரை ஏறும். காய்கனிகள் நாளொன்றுக்கு 400 கிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும். மட்டமான ஒரு தேக்கரண்டி அளவு அது. குழம்பில் இடும் உப்பை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, பொட்டலத்தில் விற்கும் நொறுக்குத் தீனி ஆகியவற்றில் மறைந்து வருவதும் அதே உப்பே. உப்பு மிகுந்தால் இரத்த அழுத்தம் உயர்கிறது. இரத்த அழுத்தம் உயர்ந்தால் தமனிகளின் சுவர் கெடுகிறது.

எண்ணெய் எதுவாயினும் அளவு முக்கியம். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது மருத்துவர் பலர் கூறும் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் வாங்கப்படுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு முறை பலகாரம் சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் தீது. வனஸ்பதியில் உள்ள மாற்றுக் கொழுப்பு இதயத்துக்குப் பெரும்பகை. அதன் அளவு உணவு எண்ணெய்களில் நூற்றுக்கு 2 பங்கைத் தாண்டலாகாது என 2022ஆம் ஆண்டு சனவரி முதல் இந்தியாவில் விதி நடைமுறைக்கு வந்தது.

சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் படைக்கப்படும் திருக்கோயிலில் இவற்றைப் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். பிரசாதம் என்பது கண்ணில் ஒற்றி, ஒரு கவளமாகக் கொள்வது. அடியவர் பலருக்கும் பகிர்ந்தளிப்பதற்காகவே அது சிறிய தொன்னையில் வழங்கப்படுகிறது. நெய்யும் வெல்லமும் நிறைந்த அந்த ஒரு கவளத்தால் கேடில்லை. மூன்று தொன்னை வாங்கி உண்டுவிட்டு, விற்பனை நிலையத்தில் லட்டும் முறுக்கும் அதிரசமும் பை நிறைய வாங்கிச் சென்று வாரம் முழுதும் உண்பதே கேடு தருவது. நீரிழிவு உள்ளவர் ஒரு விரல் நுனியளவு எடுத்துக்கொண்டாலும் பிரசாதம் பிரசாதமே.

புகையிலையில் அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பீடி, சிகரெட்டு மட்டுமன்றி வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் இதயத்தைத் தாக்கும். புகைப்பதை நிறுத்திய ஓராண்டில், புகைப்பவருக்கு உள்ள மாரடைப்பு அபாயத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகள் புகைத்தவருக்கும் நிறுத்துவதால் பயன் உண்டு.

இரண்டாம் காலம்: நடை

வாரத்தில் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடந்தால் இக்கணக்கு நிறைவுறும். எவ்வளவு விரைவாக நடப்பது என்பதற்கு எளிய அடையாளம் உண்டு. நடக்கும்போது உடன் வருபவரோடு பேச இயல வேண்டும், பாட இயலக்கூடாது. அந்த வேகமே மிதமான வேகம்.

திருக்கோயிலின் வெளிப்பிராகாரம் நடப்பதற்கு ஏற்ற இடம். வலம் வருவது வழிபாடு. அவ்வலத்தை நாள்தோறும் வருவது உடலுக்கும் நலம். தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தேர்ந்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றதும் இவ்வுண்மையை மக்கள் உணர்வதற்காகவே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆண்டு முழுதும் அமர்ந்தே இருந்தவர், ஒரு பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவதும், வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை ஒரே மூச்சில் ஏறுவதும், சபரிமலையின் நீலிமலை ஏற்றத்தில் பிறரோடு போட்டியிட்டு விரைவதும் இதயத்தின் மீது திடீரென்று பெருஞ்சுமையை ஏற்றுவதாகும். நீலிமலைப் பாதையில் இதய மருத்துவ உதவி மையங்களும் பிராணவாயு நிலையங்களும் அமைக்கப்படுவது வீணன்று. யாத்திரைக்கு மூன்று மாதம் முன்பிருந்தே நடக்கப் பழக வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவரும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவரும் மலையேறுமுன் மருத்துவரைக் கண்டு வருதல் நலம். படி ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விட்டுவிடுமாயின், அது களைப்பு என்று கருதத்தக்கதன்று. வாய்க்கால் குறுகிவிட்டது என்று இதயம் தரும் அறிவிப்பு அது. அத்தகையவர் மலையேற்றத்தை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூன்றாம் காலம்: அளவீடும் மருந்தும்

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஆகவே தமக்கு நோயில்லை என்று எண்ணுவோர் பலர். அளந்து பார்த்தாலன்றி அது தெரியாது. 140/90 என்னும் அளவை எட்டினால் அது உயர் அழுத்தம். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பது நீரிழிவு. முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இவ்விரண்டையும், மருத்துவர் கூறும்போது இரத்தக் கொழுப்பையும் பார்த்துக்கொள்வது கடமை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனைக்குக் கட்டணம் இல்லை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பெற்றபோது, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் நோயாளரின் இல்லம் தேடிச் செல்லத் தொடங்கின.

மாத்திரை இல்லம் தேடி வந்தாலும், அதை விழுங்குவது நோயாளரின் கையில்தான் இருக்கிறது. இங்கேதான் பலரும் இடறுகின்றனர். எந்த ஊரிலும் நிகழக்கூடிய ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்.

ஐம்பத்து நான்கு வயது அன்பர் ஒருவர். சிறு மளிகைக் கடை நடத்துபவர். எட்டு மாதங்களுக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்து, தமனியில் ஸ்டெண்ட் பொருத்தப்பட்டது. உயிர் பிழைத்த நன்றியால் 48 நாள் விரதம் பூண்டார். ஒரு வேளை உணவு, தரையில் உறக்கம், இருவேளை நீராடல் என நியமம் வகுத்துக்கொண்டார். விரத நாளில் மாத்திரை எதற்கு, இறைவன் காக்கமாட்டானா என்று அதையும் நிறுத்தினார். அவர் மனைவிக்கு அச்சம். "மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு முறை கூறினார். விரதத்தில் குறுக்கே நிற்காதே என்று அவர் கடிந்தார். பக்திக்கு இடையூறு செய்த பாவம் தமக்கு வருமோ என்று அந்த அம்மையார் வாய் மூடிக்கொண்டார்.

முப்பதாம் நாள் விடியற்காலையில் அவருக்கு நெஞ்சு பாரமாயிற்று. வியர்த்தது, குமட்டியது. வெறும் வயிற்றில் வாயு சேர்ந்துவிட்டது என்று அவரே முடிவு செய்தார். இஞ்சிச் சாறு குடித்தார், பின் சோடா குடித்தார், படுத்துப் பார்த்தார். இரண்டு மணி நேரம் சென்றது. மகன் வந்து பார்த்து மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றபோது ஸ்டெண்டின் உள்ளே இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. மருத்துவர்கள் அடைப்பை நீக்கினர், உயிர் தப்பியது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் மடிந்த தசை மடிந்ததே. முன்பு மூன்று பிராகாரமும் வலம் வந்தவர், இன்று கொடிமரம் வரை வந்து, திண்ணையில் அமர்ந்து மூச்சு வாங்குகிறார்.

அந்த அன்பரின் பக்தியில் குறையில்லை. ஸ்டெண்ட் பொருத்தியவருக்கு இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால், அந்த உலோகச் சுருளின் மீதே இரத்தம் உறையக்கூடும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. மருந்து உட்கொள்வதால் விரதம் கெடாது. நோயாளர், முதியோர், கருவுற்றோர் ஆகியோருக்கு விரத நியமங்களில் தளர்வு உண்டு என்பதே பெரியோர் வழக்கு. நீரிழிவுக்கு மருந்து உண்பவர் உணவை முற்றும் துறந்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கி விழவும் கூடும். ஆதலின் மாலை அணியுமுன், காப்புக் கட்டுமுன், மருத்துவரிடம் சென்று, இத்தனை நாள் இன்ன முறையில் விரதம் இருக்கலாமா, மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றிக்கொள்வது என்று கேட்டல் வேண்டும். அதுவும் விரதத்தின் ஓர் அங்கமே.

நாட்டு மருந்து எடுத்துக்கொள்வோர் அதனை மறையாது மருத்துவரிடம் கூற வேண்டும். இரத்த அழுத்தம் சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் தவறு. விளக்கு எரிவது எண்ணெய் இருப்பதால். விளக்கு நன்றாக எரிகிறதே என்று எண்ணெய் வார்ப்பதை நிறுத்துவார் இல்லை.

நெஞ்சு வலிக்கும் வேளையில்

நெஞ்சின் நடுவில் அழுத்தம் அல்லது எரிச்சல்; அது இடக்கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுதல்; குளிர்ந்த வியர்வை; மூச்சுத் திணறல்; குமட்டல். இவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலி தெளிவாகத் தோன்றாமல், மிகுந்த அயர்வும் மூச்சுத் திணறலும் மட்டுமே தோன்றலாம். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுப் போகலாம் என்று தாய்மார்கள் வலியைப் பொறுத்துக்கொள்வது மிகவும் ஆபத்தானது.

வாயுவா, மாரடைப்பா என்பதை வீட்டில் இருந்தபடி எவரும் தீர்மானிக்க இயலாது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தே கூற இயலும். எடுத்துப் பார்த்து வாயு என்று தெரிந்தால் மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம். எனவே நோயாளரை அமரச் செய்து, நடக்கவோ வண்டி ஓட்டவோ விடாமல், 108 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். இவ்வூர்திச் சேவை தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்பர் மருத்துவர். அந்நேரத்துக்குள் உறைவைக் கரைக்கும் ஊசியோ, அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ கிடைத்தால் தசையின் பெரும்பகுதி காக்கப்படும். நேரம் செல்லச் செல்லப் பயன் குறையும். பெரிய மருத்துவமனை தொலைவில் உள்ள சிற்றூர்களுக்காக, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் முதல் வேளை மாத்திரைகளை ஆயத்தமாக வைக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்கு முதல் மருந்தைப் பெற்றுக்கொண்டு மேற்சிகிச்சைக்குச் செல்லலாம்.

திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் நினைவிழந்து விழுந்து, மூச்சும் இல்லையெனில், சூழ்ந்து நின்று நீர் தெளிப்பதால் பயனில்லை. ஒருவர் 108ஐ அழைக்க, மற்றொருவர் விழுந்தவரின் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை, ஊர்தி வரும்வரை இடைவிடாது அழுத்த வேண்டும். இதனைக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். இளைஞர் மன்றங்களும் உழவாரப் பணிக் குழுக்களும் இதனைக் கற்றுக்கொண்டால் விழா நாள்களில் உயிர்கள் காக்கப்படும்.

திருப்பணிக்குப் பின்

திருநின்றவூர் வழியே செல்லும் அதே இருப்புப்பாதையில், சென்னை மாநகருக்குள்ளேயே அமைந்துள்ளது பெரம்பூர். அங்குள்ள இரயில்வே மருத்துவமனையில் 1975ஆம் ஆண்டு மருத்துவர் கே.எம். செரியன், இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். அடைபட்ட வாய்க்காலைச் சுற்றிப் புதிய கால்வாய் வெட்டுவது போன்றது அச்சிகிச்சை. இரண்டாண்டுகள் கழித்து, 1977இல் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் மருத்துவர் குருண்ட்சிக், சிறு பலூனைச் செலுத்தித் தமனியின் அடைப்பை விரிக்கும் முறையை முதன்முதலாக மனித இதயத்தில் செய்து காட்டினார். இவை மருத்துவ உலகின் பெரும் சாதனைகள்.

எனினும் பைபாசும் ஸ்டெண்டும் கோயிலின் திருப்பணி போன்றவையே. திருப்பணி முடிந்துவிட்டது என்று நித்தியப்படியை நிறுத்தினால் பழுது மீண்டும் வரும். புதிய கால்வாயிலும் அதே கொழுப்பே படியும். அறுவை சிகிச்சைக்குப் பின் புகைத்தலைத் தொடர்பவர், மாத்திரையை விடுபவர், நடக்க மறுப்பவர் ஆகியோர் மீண்டும் அதே மருத்துவமனைக்கு வர நேர்கிறது. திருப்பணி கண்ட இதயத்துக்கு நித்தியப்படி முன்னிலும் கூடுதலாக வேண்டும்.

நால்வர் பொறுப்பு

திருக்குறளின் மருந்து அதிகாரம் நிறைவுறுகையில், மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் என்பன அவை. நான்காமவரை வள்ளுவர் மறவாது சேர்த்தது எண்ணி மகிழத்தக்கது. மளிகைக் கடை அன்பரின் இல்லத்தில் முதல் மூன்றும் இருந்தன. நான்காமவராகிய மனைவியும் இருந்தார். அவர் பேச அஞ்சினார்.

இன்று அவ்வில்லத்தில் நிலை மாறியுள்ளதாகக் கொள்ளலாம். காலையில் விளக்கேற்றியதும் அந்த அம்மையார் மாத்திரைப் பெட்டியைத் திறந்து, ஒரு குவளை நீரோடு கணவரின் முன் வைக்கிறார். அவர் விழுங்கும்வரை நின்று பார்த்த பிறகே அடுக்களைக்குத் திரும்புகிறார். அவரும் மறுப்பதில்லை. மாலையில் இருவரும் திருக்கோயிலுக்கு வருகின்றனர். முதலில் கொடிமரம் வரை நடந்தவர், மருத்துவர் கூறிய கணக்கின்படி, பத்து நாளைக்குப் பின் நந்தி மண்டபம் வரை நடந்தார். ஒரு முழுப் பிராகாரம் வலம் வருவது அவரது அடுத்த எண்ணம். அது கைகூடுமா என்பதை நாள்தோறும் நடக்கும் அந்தச் சிறு நடையே முடிவு செய்யும்.

மெய்யன்பர்களே! ஒவ்வோர் இல்லத்திலும் நான்காமவர் ஒருவர் இருக்கிறார். மனைவியாக, கணவராக, மகளாக, மருமகளாக, அடுத்த வீட்டு அன்பராக அவர் இருக்கலாம். "இன்று மாத்திரை போட்டாயிற்றா? நடந்தாயிற்றா? நெஞ்சு வலி என்றீர்களே, மருத்துவரைப் பார்த்தாயிற்றா?" என்று கேட்கும் அவர் குரல், பக்திக்கு இடையூறன்று. அதுவும் ஒரு திருத்தொண்டே.

பூசலார் நாயனார் கட்டிய கோயிலுக்கு இறைவன் உவந்து எழுந்தருளினான். அந்நாயனாரின் குருபூசை ஐப்பசித் திங்கள் அனுட நாளில் திருக்கோயில்களில் நடைபெறுகிறது. அன்று அவர் திருமுன் நிற்கும் அடியவர் ஒவ்வொருவரும், தத்தம் நெஞ்சகத்தில் இடைவிடாது துடிக்கும் அந்தச் சிறு கோயிலுக்குரிய நித்தியப்படியை அன்று காலை செய்தாயிற்றா என்று ஒரு முறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செய்யாதவர் அன்றே தொடங்கலாம்.

அனைவரும் நோயற்ற வாழ்வு பெற்று, நெடுங்காலம் தத்தம் கால்களாலேயே நடந்து வந்து இறைவனை வலம் வர, எல்லாம் வல்ல திருவருள் துணை நிற்குமாக!